சம்பூரணத்துக்கு வெச்ச பத்தியம்

அந்தக் கவரை மடியில வெச்சுக்குங்க அம்மிணி. கீழ வெச்சீங்கன்னா பஸ்ஸு குலுங்கறதுல ஸ்கேன் படமெல்லாம் மடங்கிப்போயிரும். எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? இந்த வெள்ளைக் கவரைப் பாத்தாத் தெரியாதுங்களா. நானும் இதே ரோட்டுல, இதே மாதிரி ஒண்ணைத் தூக்கிட்டுப் போய் வந்தவன்தானுங்க. யாருக்குங்க, ஊட்டுக்காரருக்கா? சரிங்க, சொல்ல வேண்டாம். தலையாட்டினாப் போதும்.

எம் பேரு அர்த்தநாரிங்க. கொமாரபாளையம். தறி ஓட்டறதுதான் தொழிலு. எம்பட ஊட்டுக்காரி பேரு சம்பூரணம். அவளும் அதே தறிக் குடோன்ல நூலைத் தாராச் சுத்துனவதான். தை மாசத்துல தவறிட்டா. ஒரே மக எங்களுக்கு, சுகுணா. அந்தப் புள்ள எங்கூடப் பேசி ஆறு மாசமாச்சுங்க. நான் குடிக்கறவன் இல்லைங்க. பொண்டாட்டியைக் கை நீட்டுனவனும் இல்லை. என்னைப் பண்ணச் சொன்னதுக்கு மேலதான் பண்ணினேன். நீங்க ஒரு பொம்பளை, நீங்களே கேட்டுட்டு நாயம் சொல்லுங்க.

அவளுக்குக் கன்னத்துக்குள்ள வந்துச்சுங்க. எடது பக்கம். குடோன்ல பொம்பளைங்க எல்லாருமே வெத்தலை பாக்கோட போயலை போடுவாங்க, தூக்கம் வரக்கூடாதுன்னு. இவளும் போடுவா. மொதல்ல ஒரு வெள்ளைப் புண்ணு, பல்லு குத்துதுன்னு இருந்தோம். அப்புறம் வாயே தொறக்க முடியலை. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில பாத்துட்டு, கரண்டு வைக்கணும்னாங்க, அதான் கதிர்வீச்சு. முப்பத்தி மூணு நாளு. சனி ஞாயிறு லீவு. வாரம் ஒருக்கா மருந்து ஏத்தணும். டாக்டரு நல்ல மனுசன்தான். சரியாப் போறதுக்கு நல்லா வாய்ப்பிருக்குதுன்னு சொன்னாரு. அதை அவரு சொன்னாருங்க, நான் மறைக்கலை.

முப்பத்தி மூணு நாளும் போய் வர முடியுங்களா? ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியே வரிசையா ரூம்பு கட்டி உட்டிருக்கறாங்க. வர்ற சனமெல்லாம் அங்கதான் தங்கும். ஒரு அடுப்பு, ஒரு பாயி. நானும் அவளும் அங்க போய்ட்டோம். சுகுணா அப்பப் பச்சை ஒடம்புக்காரி. கொழந்தை பொறந்து இருவது நாளு. மொதப் பிரசவம் நம்ம ஊட்டுலதான் பாக்கோணும், சம்பூரணத்துக்கு இப்படி ஆனதுல மாமியா ஊடு பொள்ளாச்சியிலயே பாத்தாங்க. அவளால வர முடியாது. அதனால எல்லாமே நான்தானுங்க. சமைக்கறது, துவைக்கறது, குளிப்பாட்டறது. கலியாணமாகி இருவத்தெட்டு வருசத்துல ஒரு டீ வெச்சதில்லை நானு. அங்க போய்த்தான் கத்துக்கிட்டேன்.

ஆஸ்பத்திரியில சாப்பாட்டுக்குன்னு தனியா ஒரு பொண்ணு இருக்கும். உங்களையும் பாத்திருக்கும். அனிஷான்னு பேரு. மொத நாளே எங்களை உக்கார வெச்சு ஒரு தாள்ல எழுதுச்சு. தெனம் ரெண்டு முட்டை, பாலு, தயிரு, நெய்யி, நெலக்கடலை அரைச்ச கஞ்சி, நேந்திரம்பழம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஏதாவது ஒண்ணு உள்ள போகோணும்னு சொல்லுச்சு. எடை கொறையாமப் பாத்துக்கறதும் மருந்துதான், பாதி வைத்தியம் உங்க கையிலதான் இருக்குதுன்னு என்னையப் பாத்துச் சொல்லுச்சு. நான் சரிங்கன்னு தாளை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டேன்.

ஆனா எனக்கு அதுக்கு முன்னாடியே விசயம் தெரியுமுங்க. எங்க தறி ஓனரு போன்ல ஒரு வைத்தியரு பேசறதைப் போட்டுக் காட்டியிருந்தாரு. அந்த நோய்க்குத் தீனியே இனிப்புதானாம். சீனியைக் கண்டாப் பெருகுமாம். பாலு, முட்டை, கறி எதுவும் ஆகாதாம். நாமளா தீனி போடறதை நிறுத்துனா அது பட்டினி கெடந்து செத்துப்போகுமாம். கேட்டா நாயமாத்தான் இருக்குதுங்க. முள்சீத்தா எலைக் கசாயம், கோதுமைப்புல்லுச் சாறு, பூசணிச்சாறு, மத்தியானம் உப்பில்லாத காய்த் தண்ணி. இதான் பத்தியம். நாப்பத்தெட்டு நாள் மூணு தடவை.

டாக்டருகிட்டச் சொன்னாத் திட்டுவாங்க. அதனால சொல்லலை. ரெண்டையும் சேத்தே பாப்போம்னு நெனைச்சேன். கரண்டும் வெக்கட்டும், பத்தியமும் இருக்கட்டும். தப்புங்களா?

காலையில நாலு மணிக்கு எந்திரிப்பேனுங்க. கோதுமைப்புல்லை நானே தட்டுல மண்ணைப் போட்டு வளத்தேன். முள்சீத்தா எலைக்கு ஒருத்தரு தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டரு நடந்து போவேன், பஸ்ஸு அந்தப் பக்கம் போகாது. அம்மியெல்லாம் கெடையாது, கல்லுல வெச்சுத் தட்டித் துணியில புழிவேன். அவளுக்கு என்ன குடுத்தனோ அதையேதான் நானும் குடிச்சேன். தனியா ஒரு வாய்ச் சோறு உங்கலை. இதையும் நீங்க கணக்குல எடுத்துக்கோணும் அம்மிணி.

அவளும் ஒரு வார்த்தை எதுத்துச் சொன்னதில்லை. பத்து நாளைக்குள்ள வாயெல்லாம் புண்ணாப் போச்சு. எச்சி முழுங்கறதுக்கே கண்ணுல தண்ணி வரும். அப்படியும் நான் டம்ளரை நீட்டுனா ரெண்டு கையில வாங்கிக் குடிச்சுருவா. குடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்குவா.

வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை எடை போடுவாங்க. அம்பத்தி நாலு இருந்தவ, அம்பத்தி ஒண்ணு, நாப்பத்தி எட்டு. அந்த அனிஷாப் பொண்ணு அவளையே கேக்கும், அம்மா நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு. இவ என் மூஞ்சியைப் பாப்பா. பாத்துட்டு, முட்டை, பாலு எல்லாம் குடுக்கறாருங்க, அவரு நல்லாப் பாத்துக்கறாருங்கன்னு சொல்லுவா. நான் சொல்லச் சொல்லிக் குடுக்கலை. அவளாச் சொன்னதுதான். எம்மேல அவளுக்கு அவ்வளவு நம்பிக்கைங்க. அந்தப் பொண்ணும் எழுதிக்கும். இவ்வளவு சாப்பிட்டும் ஏம்மா எறங்குதுன்னு தலையைச் சொறிஞ்சுக்கும்.

தண்ணி குடிக்கறீங்களா? குடிங்க. பெருந்துறை தாண்டிட்டாக் கொஞ்சம் காத்து வரும்.

பக்கத்து ரூம்புல ஒரு அம்மா இருந்தாங்க. ஜெய்த்தூன்னு பேரு. உடுமலைப்பேட்டை. அவங்க ஊட்டுக்காரருக்குத் தொண்டையில. அவருக்கு மூக்கு வழியாக் கொழாய் போட்டிருந்தாங்க. அந்தம்மா சோறு, பருப்பு, முட்டை எல்லாத்தையும் வேகவெச்சு மிக்ஸியில அரைச்சு, வடிகட்டி, பெரிய ஊசியில ஏத்தி அந்தக் கொழாயில உடுவாங்க. ரெண்டு மணிக்கொருக்கா அலாரம் அடிக்கும். மனுசன் மூக்குல கொழாயோட வெளியில உக்காந்து பேப்பர் படிப்பாரு. எனக்குப் பாக்கவே சகிக்காதுங்க. இப்படிப் பொழைக்கோணுமான்னு இருக்கும். அவரு இப்ப நல்லாத் தேறிக் கடைக்குப் போறாராம். அவருக்கு நோய் லேசா இருந்திருக்கும்.

ஒரு நாள் எலைக்குப் போனவன் சீக்கிரம் திரும்பிட்டேன். ரூம்புல இவளைக் காணோம். பாத்தா ஜெய்த்தூன் ரூம்பு வாசப்படியில உக்காந்திருக்கறா. கையில ஒரு கிண்ணம். முட்டையும் தேங்காப்பாலும் சக்கரையும் கலந்து ஆவியில வேகவைப்பாங்களாம், வட்லாப்பம்னு பேரு சொன்னாங்க. வெண்ணெயாட்ட இருக்கும் போல, மெல்ல வேண்டியதில்லை. கரண்டியில ஒரு துளி எடுத்து நாக்குல வெச்சு, அப்படியே கரையட்டும்னு வாயை மூடிட்டு உக்காந்திருக்கறா. ஜெய்த்தூன் ஏதோ சொல்ல, சிரிக்கறா. ஆஸ்பத்திரிக்கு வந்த நாள்லருந்து அவ சிரிச்சு நான் பாக்கலைங்க.

நான் சத்தம் போடலை. சத்தம் போடற ஆளு இல்லை நானு. கிண்ணத்தை வாங்கிக் கொழாயடியில கொட்டிக் கழுவி, கவுத்து வெச்சேன். ஜெய்த்தூனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்க பிரியமாத்தான் குடுக்கறீங்க, ஆனா நீங்க குடுக்கறது அந்த நோய்க்குத்தான் போவுதுன்னு சொன்னேன்.

அந்தம்மா கவுத்து வெச்ச கிண்ணத்தை எடுத்துக்கிட்டாங்க. அப்புறம், "நான் நோய்க்குக் குடுக்கலண்ணே. பசிக்குதுன்னாங்க, அவங்களுக்குக் குடுத்தேன்" அப்படின்னாங்க.

அதுக்கப்புறம் இவ அங்க போகலை. நான் தடுத்துட்டேன்னு சுகுணா நெனைக்கறா. நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலைங்க. இவளே ஜெய்த்தூன்கிட்டச் சொல்லியிருக்கறா. இனிமே வேண்டாங்க்கா, அவரு எனக்காக நாலு மணிக்கு எந்திரிச்சு இடிக்கறாரு, நான் இதைத் தின்னுட்டு அதைக் குடிக்கறது அவரை ஏமாத்தற மாதிரி இருக்குதுன்னு. எழவுக்கு வந்தப்ப ஜெய்த்தூன் என்கிட்ட வந்து இதைச் சொன்னாங்க. ஏன் அதை அன்னைக்குச் சொன்னாங்கன்னு எனக்கு இன்னும் புரியலை.

கரண்டு வைக்கறதுக்கு மூஞ்சிக்கு ஒரு அச்சு எடுப்பாங்க, தெரியுமுங்களா உங்களுக்கு? வலை மாதிரி பிளாஸ்டிக். சுடுதண்ணியில போட்டா எளகும், மூஞ்சி மேல வெச்சு அமுக்குனா மூக்கு, கன்னம், தாடை எல்லாம் அப்படியே படிஞ்சுரும். தெனமும் அதைப் போட்டு மேசையோட பூட்டித்தான் கரண்டு வைப்பாங்க, இம்மி கூட அசையக்கூடாதுன்னு. பத்தொம்பதாவது நாளு. உள்ள போனவளை அஞ்சு நிமிசத்துல திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அச்சு சேரலையாம். மிசின் பாக்கற பையன் என்னையே உள்ள கூப்பிட்டுக் காட்டுனான். அவ கன்னத்துக்கும் அந்த வலைக்கும் நடுவுல ரெண்டு வெரலு தாராளமாப் போகுதுங்க.

அன்னைக்கு எடை நாப்பத்தி ரெண்டு. ரத்தமும் எறங்கிப்போச்சு. டாக்டரு கரண்டை நிறுத்திட்டாரு. இந்த ஒடம்புல வெச்சாத் தாங்காது, மூக்குல கொழாய் போட்டு ரெண்டு வாரம் சத்து ஏத்தலாம், எடை நின்னதும் புது அச்சு எடுத்து மிச்சத்தை வெச்சரலாம், நாள் தள்ளிப் போனா இதுவரைக்கும் வெச்சதும் வீணாப்போயிரும்னு சொன்னாரு. பொறுமையாத்தான் சொன்னாரு. நான் வேண்டாமுங்கன்னேன். அவரு என்னை உட்டுட்டு அவளைக் கேட்டாரு, நீங்க சொல்லுங்கம்மான்னு.

அவ, "அவரு சொன்னாச் சரிங்க" அப்படின்னா.

நான் வற்புறுத்தலை. அதுக்கு அந்த டாக்டரே சாட்சி.

கையெழுத்துப் போட்டுட்டு ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். ரெண்டு வாரத்துல பத்தியத்தாலயே தேத்திக் கூட்டிட்டு வர்றேன்னு நெனைச்சேன். எடை ஏறலை, நாளும் தள்ளிப் போச்சு. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. கட்டி கரைஞ்சுருச்சுங்க. கன்னத்துல வெளியில தெரிஞ்ச வீக்கம் அத்தனையும் உள்ள போயிருச்சு. கெளம்பறப்ப டாக்டரே கையை வெச்சுப் பாத்து, பாதிக்கு மேல கொறைஞ்சிருக்குதுன்னு சொன்னாரு, நான் பொய் சொல்லலை. அப்ப மருந்து வேலை செஞ்சிருக்குதுல்லைங்க? கட்டி போயிருச்சு. பொறகு எதுக்கு அவ போனா? இதை நான் எத்தனையோ பேருகிட்டக் கேட்டுட்டேன்.

ஊட்டுக்கு வந்து ஒரு நாள் மத்தியானம் கேட்டா. சாறு குடிச்சுட்டு டம்ளரைக் குடுக்கறப்ப, ஏனுங்க, ஒரு வாய் பால்சோறு சீனி போட்டுப் பெசஞ்சு தர்றீங்களான்னு. சின்னப் புள்ளைங்க கேக்கற மாதிரி இல்லைங்க. ரேசன் கடை தொறந்திருக்குதான்னு கேக்கற மாதிரி, சாதாரணமாக் கேட்டா. பொறுத்துக்கோ, இன்னும் நாப்பது நாள்தான், அப்புறம் நீ கேட்டதெல்லாம் வாங்கித் தர்றேன்னு சொன்னேன். சரிங்கன்னா. அவ எதையுமே ரெண்டாந் தடவை கேக்கற பழக்கம் இல்லை. சேலைன்னாலும் சரி, சினிமான்னாலும் சரி. ஒருக்காத்தான் கேப்பா.

சுகுணா போன் பண்ணுனா இவ மூஞ்சியைத் துண்டுல மூடிக்கிட்டு, கண்ணை மட்டும் காட்டிப் பேசுவா. புண்ணா இருக்குது சாமி, நீ பாத்தாப் பயந்துக்குவேன்னு சொல்லுவா. அதனால அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியலை. மூணு மாசம் கழிஞ்சு கொழந்தையைத் தூக்கிட்டு வந்தா. திண்டு மேல சாஞ்சிருந்தவளைப் பாத்தா. அழுகலைங்க. கொழந்தையை என் கையில குடுத்துட்டு நேரா அடுப்படிக்குப் போனா. ஒவ்வொரு டப்பாவாத் தொறந்து பாத்தா. எலை, வேரு, பொடி. அவ ரெண்டு மாசம் முன்னாடி கொரியர்ல அனுப்புன சத்துமாவு டின்னு மேல இருந்துச்சு, சீலு பிரிக்காம. அதை எடுத்துக் கீழ வெச்சா. பாலு எங்கப்பான்னு கேட்டா. வாங்கறதில்லைன்னேன்.

அன்னைக்கே காரு சொன்னா, கோயமுத்தூர் கூட்டிட்டுப் போறதுக்கு. காரு வர்றதுக்குள்ள இவளுக்குக் காய்ச்சல் வந்திருச்சு. குளுருன்னா அப்படி ஒரு குளுரு. பக்கத்துலயே ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம். நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுன்னாங்க. முப்பத்தாறு கிலோ. அங்க இருந்த சின்ன வயசு டாக்டரு ஊசி போடறதுக்குச் சதை தேடுனாரு. நோய் முத்திருச்சுங்களான்னு கேட்டேன். அதில்லைங்க, இந்தக் காய்ச்சலைத் தாங்கறதுக்கு ஒடம்புல ஒண்ணுமே இல்லைங்கன்னாரு. மூணு நாள் இருந்தா. மூணாம் நாள் மத்தியானம் ரெண்டு மணிக்குப் போயிட்டா. சுகுணா கொழந்தைக்குப் பால் குடுத்துட்டு இருந்தா, நான்தான் பக்கத்துல இருந்தேன். எனக்கு அழுகை வரலைங்க. இன்னைக்கு வரைக்கும் வரலை. அதுவும் ஒரு கொறையாச் சொல்றாங்க சனங்க.

பதினாறாம் நாளு காரியம். படையல் போடோணும், செத்தவங்களுக்குப் புடிச்சதெல்லாம் வெக்கோணும். சுகுணா யாரையும் அடுப்புக்கிட்ட உடலை. வெடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு அத்தனையும் ஒத்தையா ஆக்குனா. தலைவாழை எலையில எடம் பத்தலை. வடை, அதிரசம், பருப்பு, நெய்யி, தயிரு. ஒரு கிண்ணத்துல பால்சோறு. நான் அவகிட்டச் சொன்னதே இல்லை, அவங்கம்மாவுக்குப் புடிக்கும்னு அவளுக்கே தெரிஞ்சிருக்குது. கடைசியாப் பாயாசத்தை எறக்கி வெச்சுட்டுச் சீனி டப்பாவைக் கையில எடுத்தா. சொந்தக்காரங்கெல்லாம் சுத்தி நிக்கறாங்க.

நான் அப்பச் சொன்னேனுங்க. "சீனி போடாத சாமி. அவளுக்கு ஆகாது."

யோசிச்சுச் சொல்லலைங்க. அஞ்சு மாசமாச் சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு. என் காதுக்கே அப்புறந்தான் கேட்டுச்சு.

ஐயரு மணியைக் கையில புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாரு. சுகுணா டப்பாவைக் கீழ வெச்சா. என் பக்கம் திரும்பினா. கோவமே இல்லைங்க மூஞ்சியில.

"அம்மா நோயில சாகலைங்கப்பா. பசியில செத்தாங்க."

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டுச் சீனியைப் போட்டுக் கலக்கி, எலையில ஊத்தி, கும்புட்டுட்டுக் கொழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டா. அதுதானுங்க அவ எங்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு. பெத்த அப்பனைப் பாத்து, அத்தனை பேரு முன்னாடி. நீங்களே சொல்லுங்க. நான் ஒரு வேளைச் சோறு தனியாத் தின்னுருந்தா அப்படிச் சொல்லலாம். அவ பட்டினின்னா நானும் பட்டினிதானுங்களே.

கவரு நழுவுது பாருங்க, புடிச்சுக்குங்க. சரி, உடுங்க.

இப்ப அவ ஊட்டுக்குத்தான் போறேன். சிங்காநல்லூர்ல இருக்கறாங்க, மாப்பிள்ளைக்கு அங்க வேலை. ரெண்டாவது மாசம் மாப்பிள்ளைதான் போன் பண்ணி, வந்துட்டுப் போங்க மாமான்னாரு. போனேன். நான் பாதி ஆளாகியிருந்தேன், சட்டையெல்லாம் தொளதொளன்னு. அவளே வந்து கதவைத் தொறந்தா. என்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தா. வாங்கன்னு கூடச் சொல்லலை. உள்ள போய்த் தட்டைக் கொண்டாந்து வெச்சா.

அதுலருந்து சனிக்கெழமையானாப் போயிருவேனுங்க. பேச்சு ஒண்ணும் கெடையாது. கொழந்தை மட்டும் என் மடியில ஏறி உக்காந்துக்கும். மணி ஒண்ணானாத் தட்டு வந்துரும். சோத்தைப் போட்டுக் கொழம்பை ஊத்திட்டு எதுத்தாப்புலயே சொவத்தோட சாஞ்சு நின்னுக்குவா. நான் தின்னு முடிக்கற வரைக்கும் என் கையையே பாத்துட்டு நிப்பா. தட்டு காலியானா மறுபடியும் போடுவா. கேக்க மாட்டா. போடுவா. நானும் நிமுந்து பாக்க மாட்டேன். வயிறு வலிக்கற வரைக்கும் திம்பேன். போன வாரம் வெளியில வந்து சாக்கடையோரம் வாந்தி எடுத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன்.

ஆனா அங்க உக்காந்து போதும்னு மட்டும் நான் ஒரு நாளும் சொன்னதில்லைங்க அம்மிணி.